அஸ்டராய்ட்ஸ் பெட்டி உயிர் பெறவில்லையா? போர்டைக் கழற்றும் முன் 5 வோல்ட்டைத் தேடுங்கள்

அட்டாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட அஸ்டராய்ட்ஸ், 25 சென்ட் நாணயம் போட்டு ஆடும் கருப்பு வெள்ளை வெக்டர் (படத்தைக் கோடுகளாக வரையும்) விளையாட்டு. கிடங்குகளில் கிடந்துவிட்டு வெளியே வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே அறிகுறிதான்: திரை இருட்டு, மானிட்டரின் அடியில் ஒரு சிவப்பு எல்இடி எரிகிறது, ஸ்பீக்கரில் 'டிக் டிக்' அல்லது உறுமல். "போர்டு போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் தவறான முடிவு. போர்டு, அதாவது விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் பலகை, நன்றாகத்தான் இருக்கும், அதற்கு 5 வோல்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்தச் சிவப்பு எல்இடியைப் பார்த்து மானிட்டரையும் குறை சொல்லாதீர்கள். வெக்டர் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் நின்றால் பாஸ்பரில் (திரையின் ஒளிரும் உட்பூச்சில்) ஓட்டை எரிந்துவிடும். கற்றையை நகர்த்தும் எக்ஸ், ஒய் சிக்னல் வராதபோது கற்றையை அணைக்கிற பாதுகாப்புச் சுற்றுதான் அந்த எல்இடியை ஏற்றுகிறது. போர்டு படம் வரையவில்லை என்று மானிட்டர் சொல்கிறது, அவ்வளவுதான்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், லாஜிக் புரோப் (சிக்னல் உயரே நிற்கிறதா, கீழே நிற்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் கருவி), 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், வெள்ளை அழிப்பான், சால்டரிங் அயர்ன், 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால், பிளக்கைச் செருகும் முன் பவர் சப்ளையில் இருக்கும் வோல்டேஜ் தேர்வு பிளக் எந்த வோல்ட்டுக்கு உரியது என்று பாருங்கள். 120 வோல்ட்டுக்கு அமைந்த பெட்டியை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. மானிட்டரின் பிக்சர் டியூப் ஆனோடில், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். இந்த வேலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் ஃப்யூஸ்கள். கண்ணால் பார்த்தால் போதாது. ஒவ்வொன்றையும் கழற்றி ஓம் வைத்துப் பாருங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் அட்டையில் அச்சிட்ட ஆம்பியரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். முன்பு யாரோ 'பெரிய' ஃப்யூஸ் போட்டிருப்பது வாடிக்கை. ஃப்யூஸ் பிடிக்கும் கிளிப்களும் தளர்ந்து பழுப்பேறியிருக்கும். ஓடும்போது ஃப்யூஸ் கிளிப்பின் இரு முனைகளுக்கு நடுவே அளந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் என்றால் கிளிப்பை மாற்றுங்கள்.

அடுத்தது அட்டாரிக்காரர்கள் 'பிக் ப்ளூ' என்று அழைக்கும் நீல நிறக் கெபாசிட்டர். 27,000 மைக்ரோஃபாரட், 15 வோல்ட். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயரிலிருந்து வரும் அலையைச் சமப்படுத்துவது இதன் வேலை. இதன் இரு திருகுகளில் டிசியில் சுமார் 10 வோல்ட் இருக்கும். அங்கேயே மீட்டரை ஏசிக்கு மாற்றி அளப்பதுதான் முக்கியம். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு 8.3 மில்லிசெகண்டுக்கும் ஒரு முறைதான் கெபாசிட்டர் நிரம்புகிறது. சுமை 4 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், நல்ல கெபாசிட்டரில் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய 1.2 வோல்ட் ஏற்றத்தாழ்வு வரும். மீட்டர் அதை அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டும். ஏசியில் 1 வோல்ட்டைத் தாண்டினால் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது. அலையின் பள்ளங்களில், 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டுகிறது, 5 வோல்ட் நொடிக்கு 120 தடவை சரிகிறது, ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது.

மாற்றும்போது பழைய கெபாசிட்டரின் திருகுகளுக்குக் குறுக்கே அந்த 100 ஓம் ரெசிஸ்டரை 15 நொடி பிடித்து மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் திருகு உருகும். புதியது 16 அல்லது 25 வோல்ட்டாக இருக்கலாம். ஆனால் கொள்ளளவை இரண்டு மடங்காக ஏற்றாதீர்கள். போட்டவுடன் பாயும் மின்னோட்டம் ரெக்டிஃபயரைத் தின்றுவிடும். பிரிட்ஜையும் டயோடு நிலையில் சோதித்துவிடுங்கள்: நான்கு டயோடும் ஒரு பக்கம் 0.5 முதல் 0.6, மறுபக்கம் திறந்த சுற்று. பழுதானால் 35 ஆம்பியர் உலோக உடல் பிரிட்ஜ் போட்டு, சேசிஸில் ஒட்டும் இடத்தில் தெர்மல் கிரீஸ் தடவுங்கள்.

இனி ஏஆர்-2 என்ற ரெகுலேட்டர் ஆடியோ போர்டு. ஒலிப்பெருக்கும் டிடிஏ2002 சிப்களோடு 5 வோல்ட் ரெகுலேட்டரும் இதில்தான் இருக்கிறது. எல்எம்305 கட்டுப்படுத்துகிறது, மூடிபோல் வட்டமான 2என்3055 டிரான்சிஸ்டர் சுமையைத் தாங்குகிறது. முதல் முறை ஏற்றும்போது கேம் போர்டின் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஏற்றுங்கள். 2என்3055 உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் 10 வோல்ட் அப்படியே வெளியே வரும், போர்டில் உள்ள சிப்கள் அத்தனையும் போகும். ஏஆர்-2-இன் 5 வோல்ட் வெளியீட்டை அளந்து, 5.5-க்கு மேல் காட்டினால் நிறுத்திவிட்டு ரெகுலேட்டரைப் பழுது பாருங்கள். 5-க்குப் பக்கத்தில் இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு போர்டை இணையுங்கள்.

இப்போது ஏஆர்-2-இல் ஒரு தடவை, கேம் போர்டில் ஒரு தடவை என 5 வோல்ட்டை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். போர்டில் அளக்கச் சரியான இடம் 6502 பிராசசர்: 8-ஆம் பின்னில் சிவப்பு, 1-ஆம் பின்னில் கருப்பு. ஏஆர்-2-இல் 5.4, பிராசசரில் 4.7 என்று வருகிறதா? அப்படியானால் கோளாறு நடுவழியில் இருக்கிறது.

ஏஆர்-2 தன் வாசலில் உள்ள 5 வோல்ட்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. 'சென்ஸ்' என்று இரண்டு தனிக் கம்பிகள் போர்டு வரை போய், அங்கே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று கேட்டு வருகின்றன. போர்டின் விளிம்பில் செருகும் எட்ஜ் கனெக்டரில் களிம்பேறி அரை வோல்ட் அங்கேயே எரிந்துபோனால், ஏஆர்-2 அதை ஈடுகட்ட வெளியீட்டை 5.5-க்கு ஏற்றுகிறது. கனெக்டர் இன்னும் சூடாகிறது, இன்னும் கருகுகிறது, ஏஆர்-2 இன்னும் ஏற்றுகிறது. 5 வோல்ட் போகும் முக்கியத் தொடர்பே விட்டுப்போனால், சென்ஸ் வழியில் இருக்கும் சிறு ரெசிஸ்டர்கள் கருகிவிடும். இந்த நிலையில் ஏஆர்-2-இல் உள்ள டிரிம் பாட்டை (வெளியீட்டைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகை) திருகி போர்டில் 5 வோல்ட் வரவைத்தால் விளையாட்டு அன்றைக்கு ஓடும். சில வாரத்தில் கனெக்டரின் அந்தப் பின்களும் போர்டின் விரல்களும் (விளிம்பில் உள்ள உலோகப் பட்டைகளும்) கரிக்கட்டையாகும். தயவுசெய்து அந்தப் பாட்டைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் போகும் முனைகளில் பிளாஸ்டிக் பழுத்திருக்கும், பின்கள் சாம்பல் நிறமாகி வளைவு தளர்ந்திருக்கும். போர்டின் விரல்களை வெள்ளை அழிப்பானால் தேய்த்து ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, பூச்சு போய்விடும். கருகிய பின்களைச் சுரண்டிப் பயனில்லை, புது பின்னைக் கம்பியில் நசுக்கிப் பொருத்துங்கள் (கிரிம்ப்). பிறகு ஏஆர்-2-இன் கிரவுண்டுக்கும் 6502-இன் 1-ஆம் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பலர் 5 வோல்ட் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, கிரவுண்டில் 0.2 வோல்ட் தொலைவதைக் கவனிப்பதில்லை. இரண்டு பக்கமும் சரியான பிறகு, பிராசசரில் 5.0 முதல் 5.1 வரும்படி பாட்டை வையுங்கள்.

5 வோல்ட் சரியாக இருந்தும் படமில்லை என்றால்தான் போர்டு. லாஜிக் புரோபை 6502-இன் 40-ஆம் பின்னில் வையுங்கள். அது ரீசெட், உயரே நிலையாக நிற்க வேண்டும். ஏறி இறங்கித் துடித்தால், புரோகிராம் ஓடாததால் வாட்ச்டாக் சுற்று திரும்பத் திரும்ப மீட்டமைக்கிறது என்று பொருள். ஸ்பீக்கரில் கேட்ட 'டிக் டிக்' பெரும்பாலும் இதுதான். வெள்ளி முலாம் பூசிய ராம், ரோம் சிப்களின் கால்கள் கறுத்துப்போவது இங்கே வழக்கமான குற்றவாளி. மெதுவாக நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, மீண்டும் உட்கார வையுங்கள். அவசரப்பட்டால் கால் ஒடியும். அடுத்த சந்தேகம் 2114 ராம், ஆறு இருக்கின்றன. நாணயக் கதவுக்குள் இருக்கும் செல்ஃப் டெஸ்ட் சுவிட்சைப் போட்டால், எந்த ராம் பழுது என்பதை ஒலிகளால் சொல்லும். மேனுவலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

படம் வந்து நாணயம் மட்டும் ஏறவில்லையா? நாணய மெக்கானிசத்தைக் கழற்றி ஆல்கஹாலால் கழுவுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொண்டு நாணயம் வழியில் நின்றுவிடும். நாணயம் தட்டும் மைக்ரோசுவிட்சின் கம்பி வளைந்திருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், கதவில் உள்ள ஸ்லாம் சுவிட்சைத் தேடுங்கள்: கதவை உதைப்பவர்களைப் பிடிக்க வைத்த இரண்டு மெல்லிய தகடுகள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் போர்டு நாணயத்தை ஏற்காது. விரலால் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பிரித்து வையுங்கள்.