.223, .243 ரைஃபிளில் மான் வேட்டை: குண்டைத் தேர்வதிலிருந்து மானைக் கண்டெடுப்பது வரை

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டை என்றால் .308, .30-06 போன்ற பெரிய தோட்டாக்கள் என்பது பழைய வழக்கம் (பெயரின் முதல் எண் ஏறக்குறைய குண்டின் விட்டம், அங்குலத்தில்). இப்போது .223 ரெமிங்டன், .22-250, .243 வின்செஸ்டர் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் நிறைய. பின்னுதைப்பு குறைவு என்பதுதான் காரணம். தோளில் இடி விழும் என்று பயப்படாதவர் விசையைப் பதறி இழுக்க மாட்டார். குண்டு குறிவைத்த இடத்துக்குப் போகும். ஆனால் .30-06-இன் 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராம், .223-இன் 62 கிரெய்ன் குண்டு வெறும் 4 கிராம். பெரியது கோணலான சூட்டையும் எலும்பையும் ஓரளவு தாங்கும். சின்னதிடம் அந்த உபரி கிடையாது. எனவே குண்டு, தூரம், கோணம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் சட்டம். டெக்சாஸில் வெள்ளைவால் மானுக்கு எந்த சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் பற்றவைக்கும் மருந்துள்ள தோட்டா) காலிபரும், அதாவது எந்தக் குண்டு விட்டமும் செல்லும்; ரிம்ஃபயர் (அந்த மருந்து விளிம்பில் உள்ளது) செல்லாது. கொலராடோவில் .24-க்குக் கீழே பெரிய விலங்கைச் சுடக்கூடாது. அங்கே மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க் என்ற பெரிய மானுக்கு 85 கிரெய்ன் குண்டு வேண்டும். 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் இருக்க வேண்டும். அதாவது டெக்சாஸில் செல்லும் .223 கொலராடோவில் குற்றம். விதி மாறக்கூடியது, அந்தந்த சீசனின் கையேட்டைப் பாருங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டையே கூடாது என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

குண்டு வாங்கும்போது எடையை மட்டும் பார்த்து ஏமாறுவதுதான் அதிகம். பெட்டியில் 'வார்மிண்ட்' என்று போட்டிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். பிரெய்ரி நாய் (அணில் இனத்துச் சிறு விலங்கு), கொயோட்டி (சிறிய ஓநாய் போன்றது) போன்றவற்றுக்காக மெல்லிய உலோக உறையோடு செய்தது அது. மானின் தோள்பட்டை எலும்பில் பட்டால் அங்கேயே பொடியாகும். வெளியே பெரிய காயம் தெரியும், நுரையீரல் வரை ஒன்றும் போயிருக்காது. மான் ஓடிப்போய் நாள்கணக்கில் அவதிப்படும். முழு உறை போட்ட ராணுவக் குண்டு இதற்கு நேர்மாறு: விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும். பல மாநிலங்களில் அதற்குத் தடையும் உண்டு.

வேண்டியது விரியவும் வேண்டும், உடையவும் கூடாது. .223, .22-250 இரண்டுக்கும் பொருந்தும் .224 அங்குல விட்டத்தில் நோஸ்லர் பார்ட்டிஷன் 60 கிரெய்ன் நம்பகமானது. 1948-இல் விற்பனைக்கு வந்த இந்த வடிவமைப்பில் குண்டின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். முன்பாதி விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். முழுச் செம்பில் பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ் 55, 62, 70 கிரெய்னில் கிடைக்கிறது. ஃபெடரல் ஃபியூஷன் 62-உம் மானுக்கென்றே செய்தது. .243-இல் இவ்வளவு கவலை வேண்டாம். சாதாரண 100 கிரெய்ன் சாஃப்ட் பாயிண்ட் (முனையில் ஈயம் வெளியே தெரியும் குண்டு) போதும், செம்பு என்றால் 80, 85. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை, அங்கே செம்பு ஒன்றே வழி.

வாங்குமுன் குழலின் ட்விஸ்ட்டை, அதாவது உள்வரிகள் எத்தனை அங்குலத்தில் குண்டை ஒரு சுற்றுச் சுழற்றும் என்பதைப் பாருங்கள், பெரும்பாலும் குழலிலேயே பொறித்திருக்கும். ஈயத்தைவிடச் செம்பு இலேசு என்பதால் ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளம் கூடினால் வேகமான சுழற்சி வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் ஈயக்குண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 62 கிரெய்ன் செம்புக்கு 9, 70-க்கு 8 அல்லது 7 வேண்டும். பழைய .22-250 ரைஃபிள்களில் 14 இருப்பது சகஜம். கனத்த குண்டு அதில் தடுமாறும். இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம்போல நீளமாகக் கிழிந்திருந்தால் குண்டு பக்கவாட்டில் போய்ப் பட்டிருக்கிறது. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறினால் குழலை நன்றாகத் துலக்கிவிட்டு ஜீரோ செய்யுங்கள் (குறிவைத்த இடத்தில் குண்டு படும்படி சரிசெய்யுங்கள்), இல்லாவிட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் சிதறும்.

தூரத்தை முடிவுசெய்வது வேகம். பல செம்புக் குண்டுகள் விரிய நொடிக்கு 1,800 முதல் 2,000 அடி வேகம் தேவை. தயாரிப்பாளர் தரும் எண்ணைப் பாருங்கள். 24 அங்குலக் குழலில் 3,000 அடியில் கிளம்பும் 62 கிரெய்ன், 16 அங்குலக் குழலில் 200 அடிக்கு மேலும் இழக்கலாம். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பாமல் குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் அளந்துகொள்வது நல்லது. பொதுவாக .223-க்கு 150 கஜம், கைதேர்ந்தவருக்கு 200, .243-க்கு 300 எல்லை. காற்றும் இலேசான குண்டை அதிகம் தள்ளும்.

மான் முழுப் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருங்கள். முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே போய், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 20 செ.மீ. அகலம் இருக்கும். உங்களை நோக்கிச் சாய்கோணத்தில் நின்றாலோ, பிட்டத்தைக் காட்டி நின்றாலோ .223-இல் சுடாதீர்கள். குண்டு தோள் எலும்பையோ நிறைந்த இரைப்பையையோ தாண்ட வேண்டியிருக்கும். பெரிய ரைஃபிள்காரருக்குச் சரியான அந்தச் சூடு உங்களுக்குச் சரியில்லை.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு, மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சின்னக் குண்டு பல நேரம் மறுபக்கம் வெளியேறாது; வெளியேறினாலும் துளை சிறியது. முதல் 30, 40 கஜத்துக்கு ரத்தமே இல்லாமல் போகலாம், அதைப் பார்த்துக் குறி தவறிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல்: அரைமணி நேரம் பொறுத்துத் தேடலாம். பச்சையும் பழுப்புமாக நாற்றம் அடித்தால் குடல்: 6 முதல் 8 மணி நேரம் விட்டுவிட வேண்டும். உடனே துரத்தினால் எழுந்து ஓடிக் கைக்கு எட்டாமலே போகும்.

உரிக்கும்போது காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயக்குண்டின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அங்கேதான் இருக்கும். குண்டு உள்ளேயே கிடைத்தால் கழுவி எடை போடுங்கள். செம்பு ஏறக்குறைய முழு எடையோடு வரும், பார்ட்டிஷனில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும். உறை தனி, ஈயம் தனியாகக் கிடைத்தால் மான் விழுந்திருந்தாலும் அந்தக் குண்டை மாற்றிவிடுங்கள்.