வாக்குறுதியையும் ஆட்சியையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து

தங்கச்சிமடத்து டீக்கடையில் தேர்தல் நேரத்து வாக்குவாதத்தைக் கேட்டிருக்கிறீர்களா? ஒருவர் "சொன்னதில் ஒண்ணுகூடச் செய்யல" என்பார். எதிரே இருப்பவர் "எல்லாம் செஞ்சாச்சு" என்பார். இருவர் கையிலும் தேர்தல் அறிக்கை இருக்காது. முதல் தவறு அதுதான். நம் நினைவில் நிற்பது மேடையில் கேட்டது. எழுதிக் கொடுத்தது பல நேரம் வேறாக இருக்கும். அறிக்கை வெளியான அன்றே பிடிஎஃப் கோப்பைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்க்காமல் விடுவது. "வழங்கப்படும்" ஒரு ரகம், "பரிசீலிக்கப்படும்" வேறு ரகம், "மத்திய அரசை வலியுறுத்துவோம்" மூன்றாவது ரகம். 1974 ஒப்பந்தத்தில் கைவிட்டுப்போன கச்சத்தீவையே எடுத்துக்கொள்வோம். "வலியுறுத்துவோம்" என்று எழுதியவர் டெல்லிக்கு ஒரு கடிதம் போட்டாலே கணக்குப்படி நிறைவேற்றியாச்சு. 2025 ஏப்ரல் 2 அன்று சட்டமன்றம் தீர்மானமே போட்டது. தீவு இன்னும் இலங்கையிடம்தான் இருக்கிறது. இதை "செய்யவில்லை" என்று எழுதினால் அநியாயம், "செய்துவிட்டார்" என்று எழுதினால் கேலிக்கூத்து. "இவ்வளவுதான் சொன்னார்" என்று தனியாக ஒரு கட்டம் போட்டு அதில் எழுதுங்கள். அந்தக் கட்டம் எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று பாருங்கள்.

யார் அதிகாரத்தில் எது வரும் என்பதையும் பார்க்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு, அதைத் தாண்டினால் மத்திய அரசின் பொறுப்பு. இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டதற்கு எம்எல்ஏவைத் திட்டுவது ஆத்திரத்துக்குச் சரி, மதிப்பெண் போட உதவாது.

தேதியை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2021 மார்ச்சில் திமுக அறிக்கை சொன்னது. ஆட்சிக்கு வந்தது அந்த மே மாதம். முதல்வர் ஸ்டாலின் மண்டபம் மீனவர் மாநாட்டில் உயர்வை அறிவித்தது 2023 ஆகஸ்ட் 18. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்றால், அதற்குள் 2022, 2023 இரண்டு முழுத் தடைக்காலங்கள் முடிந்துவிட்டன. "நிறைவேறியது" என்று டிக் அடிப்பது பொய்யில்லை. ஆனால் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அந்த டிக்கிற்குள் ஒளிந்துகொள்கிறது.

எண்ணைக் கேட்டு மயங்குவது இன்னொன்று. 2017 ஜூலையில் பிரதமர் மோடி ராமேஸ்வரத்தில் தொடங்கிவைத்த ஆழ்கடல் படகுத் திட்டத்தின் இலக்கு, மூன்று ஆண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது. ஒரு படகு 80 லட்சம், அதில் 70 விழுக்காடு மானியம். கேட்கப் பிரமாதம்தான். மிச்சக் கணக்கைப் போடுங்கள்: 20 விழுக்காடு வங்கிக் கடன், 10 விழுக்காடு கைக்காசு. ஆக 16 லட்சம் கடன், 8 லட்சம் ரொக்கம். போதாக்குறைக்கு, காலமெல்லாம் பாக் நீரிணையில் மடிவலை இழுத்தவர் சூரை மீனுக்குத் தூண்டில் போடும் தொழிலைப் புதிதாகப் பழக வேண்டும். கெடு முடிந்தபோது கடலில் இறங்கியவை சொற்பம். அறிவிப்பைப் படித்த நாளிலேயே "மீதி 30 விழுக்காடு யார் தருவது?" என்று கேட்டிருந்தால் பாதி விடை அன்றைக்கே கிடைத்திருக்கும்.

மொத்தப் பெருமையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டியது எடப்பாடி பழனிசாமி. 2022 ஜனவரியில் காணொலியில் திறந்துவைத்தது மோடி, அப்போது முதல்வர் ஸ்டாலின். மூன்று கட்சிக்காரர்களும் போஸ்டர் அடிக்கலாம், அடிக்கவும் செய்தார்கள்.

அப்புறம், யார் பணம் என்று பார்க்காமல் விடுவது. பாம்பனில் ஒரு அக்கா பாஸ்புக்கைக் காட்டினார். மீனவர்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் வந்த 4,500 ரூபாய். பக்கத்திலிருந்த கட்சிக்காரர், "பாருங்க, அரசாங்கம் கொடுத்தது" என்றார். அக்கா விடவில்லை: "இதுல ஆயிரத்து ஐந்நூறு நான் கட்டுனது தம்பி." அரசுப் பணம் 3,000, மீதி அவருடைய சேமிப்பு.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். "திட்டம் நிறைவேறியதா?" என்று கேட்காதீர்கள், வழவழ பதில்தான் வரும். அரசாணை எண், ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, பயனாளிகள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.