முள்ளந்தண்டு வாதத்தை அளக்கும்போது விடுகின்ற பிழைகள்

கிளினிக்கில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நம்மட ஆக்கள் அனேகமாக ஒரே மறுமொழிதான் சொல்வார்கள்: "நோவு கொஞ்சம் குறைவு டொக்டர்." முள்ளந்தண்டைத் தாக்கும் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி வாதத்தில் அந்த ஒரு வசனம் போதாது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்னரே தொடங்கி, வாழ்நாள் முழுக்கக் கூட வரும் நோய் இது. நோவு குறைந்திருக்கும்போதே நித்திரை, தொழில், குனிந்து நிமிர்வது எல்லாம் கெட்டுப்போயிருக்கலாம். அதனால்தான் வினாக்கொத்துகளை வைத்து அளக்கிறார்கள். அவற்றை நிரப்பும்போது விடுகின்ற பிழைகள் சிகிச்சை முடிவையே மாற்றிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, செய்வதை விட்டுவிட்ட ஒரு வேலையை "கஷ்டமில்லை" என்று சொல்வது. காத்தான்குடியில் ஒருவர் நிலத்தில் சுஜூது செய்துவிட்டு எழும்ப முடியாமல் கதிரைக்கு மாறி இரண்டு வருடம் ஆகியிருக்கும். கேட்டால் "தொழுகைக்கு ஒரு குறையுமில்லை" என்பார். களுவாஞ்சிக்குடியில் ஒரு அம்மா திருவலையில் குந்தி இருந்து தேங்காய் துருவுவதை எப்போதோ நிறுத்தியிருப்பார். "இப்ப மகள்தான் துருவித் தாறா" என்று வாயில் வரும், படிவத்தில் வராது. 1994இல் இங்கிலாந்தின் பாத் நகரில் உருவான பாஸ்ஃபி என்ற படிவம் பத்துக் கேள்விகளில் இதைத்தான் தேடுகிறது: நிலத்தில் மல்லாந்து கிடந்து உதவியில்லாமல் எழும்புவது, குனிந்து பேனையை எடுப்பது, சாயாமல் பத்து நிமிடம் நிற்பது, உடம்பைத் திருப்பாமல் தோளுக்கு மேலால் பார்ப்பது. காலுறை போடுவதைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. செருப்போடு திரிகிறவர் "எனக்கு அது இல்லை" என்று பூச்சியம் போடக் கூடாது. தான் காலுறை போடுவதில்லை என்பதைக் கேட்பவரிடம் சொல்லவேண்டும். பூச்சியம் என்றால் லேசாகச் செய்கிறேன் என்றுதான் கணக்கு.

இதே சிக்கல், இந்த நோயாளிகளின் பொதுவான நலத்தை அளக்கும் ஆசாஸ் சுகாதாரச் சுட்டி என்ற படிவத்திலும் வரும். 17 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன் அல்லது ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டவற்றின் மொத்தம் கூடக்கூட நிலைமை மோசம். 5 வரை நல்லது, 12இலிருந்து மோசம். கார் மிதிகளை இயக்கக் கஷ்டம் என்று ஒரு கூற்று இருக்கிறது. படுவான்கரையில் சைக்கிளில் போய்வருகிற ஒருவர் அதற்கு "பொருந்தாது" என்று அடையாளமிட வேண்டும். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று போட்டால் கால் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடும். பொருந்தாது என்று விட்டால், மறுமொழி சொன்ன கூற்றுகளை வைத்துக் கணக்கை 17க்கு விகிதப்படுத்துவார்கள்.

அதே சுட்டியில் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருக்கிறதா என்றும் கேட்கப்படுகிறது. பக்கத்தில் மாமியோ மகனோ நிற்க, சனம் நிறைந்த வாங்கில் இருந்து அதற்கு யார்தான் உண்மை சொல்வார்? தயவுசெய்து நோயாளியைத் தனியே நிரப்ப விடுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம், ஆனால் "அவருக்கு அதெல்லாம் பிரச்சினையில்லை" என்று கூட வந்தவர் மறுமொழி சொல்லக் கூடாது.

பாஸ்டாய் என்ற படிவம் நோயின் உக்கிரத்தை அளப்பது. 0 முதல் 10 வரை புள்ளி போடும் அதன் ஆறு கேள்விகளும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. இன்றைய காலையைப் பற்றியவை அல்ல. காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்பதைக் கண் முழித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பாயை விட்டு எழும்பிய நேரத்திலிருந்து எண்ணுகிறவர்கள், கிடந்தபடியே விறைத்திருந்த அரை மணித்தியாலத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். இரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ என்றால் 10 புள்ளி. கூட்டும்போதும் கவனம்: விறைப்புப் பற்றிய கடைசி இரண்டுக்கும் சராசரி எடுத்து, முதல் நான்கோடு கூட்டி, ஐந்தால் பிரிக்க வேண்டும். 5, 5, 1, 1, 7, 7 என்று வந்தால் சரியான விடை 3.8. ஆறையும் கூட்டி ஆறால் பிரித்தால் 4.3. நோய் உக்கிரமாக இருக்கிறது என்று வழமையாகக் கொள்ளும் எல்லை 4. ஒரு கூட்டல் பிழை ஆளை எல்லைக்கு மறுபக்கம் தள்ளிவிடுகிறது.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் மூட்டை தூக்கிய உழைவையும் இந்த நோவையும் ஒன்றாக்கி எழுதுவதும் நடக்கிறது. தசை உழைவு ஓய்வில் ஆறும். அழற்சி நோவு ஓய்வில் கூடும், நடமாடினால் குறையும், பின்னிரவில் எழுப்பிவிடும். அந்த வாரம் வயலில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசையையும் சொல்ல வேண்டும். டைக்குளோபெனக் போன்ற நோவுக் குளிசை போட்டுக்கொண்டு எடுத்த புள்ளியும் போடாமல் எடுத்ததும் ஒன்றல்ல. அதற்காக "உண்மையான நோவைக் காட்டப் போறன்" என்று குளிசையை நிறுத்தாதீர்கள்.

அழற்சியைக் காட்டும் சீ.ஆர்.பீ. இரத்தப் பரிசோதனை சாதாரணமாக வந்தால் நோய் இல்லை என்று நினைப்பதும் தவறு. நோய் உக்கிரமாக இருக்கும் பலரில் அது கூடுவதே இல்லை.

உடம்பின் அசைவை அளப்பதில் ஒன்று மட்டும் சொல்கிறேன். குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்று, பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை எடுப்பார்கள். தலையைச் சுவரில் முட்டவைக்கும் ஆசையில் பலர் நாடியை (மோவாயை) மேலே தூக்கிவிடுகிறார்கள். அப்போது இல்லாத இடைவெளிக் குறைவு கொப்பியில் ஏறும். நாடி வழமையான உயரத்திலேயே இருக்க வேண்டும். ஒருமுறை காலையில், மறுமுறை பின்னேரம் என்று அளந்துவிட்டு ஒப்பிடவும் வேண்டாம், காலையில் விறைப்பு கூட.

இந்த நோய் கண்ணையும் தாக்கலாம், ஆனால் இந்தப் புள்ளிகள் எதிலும் கண் இல்லை. ஒரு கண் திடீரென்று சிவந்து, நொந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போய்க் கண் வைத்தியரைப் பாருங்கள். முள்ளந்தண்டு வாதம் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.