வெள்ளியங்கிரிக்குக் கிளம்பும் முன் பையை நிறுத்துப் பாருங்கள்

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிக்கு முதல் தடவை போனபோது என் முதுகில் 9 கிலோ. ஜீன்ஸ் இரண்டு, டர்க்கி டவல், கம்பளி, 3 லிட்டர் தண்ணீர், இன்னும் என்னென்னவோ. ஏறும்போது எப்படியோ சமாளித்துவிட்டேன். இறங்கும்போதுதான் முதல் மலையின் கல் படிகளில் முழங்கால் வெடவெடத்தது. மூங்கில் தடி மட்டும் இல்லையென்றால் உட்கார்ந்தே இறங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், பாதிச் சாமானைத் தொடவே இல்லை!

இப்போதெல்லாம் முந்தின நாளே சமையலறைத் தராசை எடுத்துவிடுகிறேன். டர்க்கி டவல் 480 கிராம், ஈரிழைத் துண்டு 130. துவட்டவும், கழுத்தில் சுற்றவும், வெயிலுக்குத் தலையில் கட்டவும் துண்டே போதும். பெரிய டிரெக்கிங் பை காலியாகவே 1,900 கிராம். காலேஜ் பை 450. எடை குறைப்பதைப் பையிலிருந்தே தொடங்குங்கள். பை பெரிதானால் கை சும்மா இருக்காது, எதையாவது திணிக்கும்.

சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் என்பது, முடிந்தவரை எடை குறைத்து நடக்கும் அல்ட்ராலைட்காரர்கள் கணக்கு. கூடாரம் இல்லாத ஒரு ராத்திரி நடைக்கு அதில் பாதியே அதிகம். விலை கூடிய சாமானும் வேண்டியதில்லை. 1955-ல் எம்மா கேட்வுட் 67 வயதில் அமெரிக்காவின் நெடிய மலைநடைப் பாதையான அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்தார். தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை!

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. வழியில் சுனைகள் இருப்பதால் ஒரு பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடிக்கலாம். ஆனால் ஏப்ரலில் சுனை மெலிந்திருக்கும்; இறங்கி வருகிறவர்களிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கைச் சோதிப்பார்கள், அதனால் பொட்டலங்களையும் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சை போதும்.

ஒரு நாள் நடையில் சோப்பை விட்டுவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது, தைரியமாகக் கழித்துப் பார்க்கலாம். டார்ச்சிலும் மாற்றுச் சட்டையிலும் மட்டும் கை வைக்காதீர்கள். ஏழாவது மலையில் விடியும் முன் அடிக்கிற காற்றில் வியர்த்த பருத்திச் சட்டை ஐஸ் மாதிரி ஒட்டும். 200 கிராம் விண்ட்சீட்டர் ஒன்று, காய்ந்த சட்டை ஒன்று, டார்ச்சுக்கு உபரி பேட்டரி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

போன மாசிக்கு என் பை தண்ணீரோடு சேர்த்தே 3 கிலோதான். அம்மா கொடுத்தனுப்பும் பித்தளைத் திருநீற்றுச் சம்படம் மட்டும் 210 கிராம். நிறுத்தேன், எழுதிக்கொண்டேன், பேசாமல் பைக்குள் வைத்துவிட்டேன்.