ஈசிஹெச்எஸ் மருந்து வாங்குறப்போ பெரியவங்க வீட்ல பண்ற தப்புகள்

ரிட்டயர்டு மிலிட்டரிக்காரங்க வீட்ல இருந்தா பெரும்பாலும் ஈசிஹெச்எஸ் கார்டும் இருக்கும், அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டத்தோட கார்டு. 2003 ஏப்ரல்ல ஆரம்பிச்ச திட்டம், அவங்களோட பாலிகிளினிக்ல (திட்டத்தோட சொந்த கிளினிக்) டாக்டரைப் பாத்துட்டு மாத்திரையும் காசில்லாம வாங்கிக்கலாம். ஆனா கார்டு இருந்தும் பென்ஷன் காசுல மெடிக்கல் ஷாப்ல வாங்குற பெரியவங்க நிறைய இருக்காங்க, சில பேர் முடியலன்னு மாத்திரையையே விட்டுர்றாங்க, அதான் தாங்க முடியல.

பெரும்பாலும் நடக்குறது என்னன்னா கடைசி மாத்திரை அட்டையைப் பிரிச்சப்புறம்தான் கிளம்புறாங்க. பிபி, சுகர் மாத்திரையெல்லாம் ஒரு மாச அளவுக்குத்தான் பொதுவா குடுப்பாங்க, நீங்க போற அன்னைக்கு ஸ்டாக் இல்லன்னா சீட்டுல என்ஏன்னு (நாட் அவைலபிள், அதாவது இருப்பு இல்ல) போட்டுருவாங்க, அப்புறம் அதை லோக்கல் கெமிஸ்ட் மூலமா வரவழைக்க நாளாகும். அதனால பத்து நாள் மாத்திரை கையில இருக்கும்போதே போயிருங்க. அவசரப்பட்டு உடனே வெளியில வாங்கிட்டு பில்லைக் காட்டினா காசு வரும்னு நினைக்காதீங்க. என்ஏ போட்ட சீட்டை கையில வச்சுக்கிட்டு, வெளியில வாங்கலாமா, காசு திரும்பக் கிடைக்குமான்னு அங்கயே கேட்டுட்டு வாங்குங்க.

இதவிட ஆபத்தானது ஒண்ணு இருக்கு. போன மாசம் ஆஸ்பத்திரில எழுதின அட்டை ஒரு பேர்ல இருக்கும், பாலிகிளினிக்ல குடுத்தது வேற கம்பெனி, வேற பேர், வேற கலர். தாத்தா ரெண்டையும் வேற வேற மாத்திரைன்னு நினைச்சு ரெண்டையும் போட்டுருவாரு. அட்டையைத் திருப்பிப் பாருங்க, கம்பெனி வச்ச பேரு வேற வேறயா இருந்தாலும், உள்ள இருக்குற பிபி மருந்தோட பேரு ரெண்டுலயும் அம்லோடிபின் 5 எம்ஜின்னே இருக்கும். பிபி ரொம்ப இறங்கி, ராத்திரி பாத்ரூம் போறப்போ தலைசுத்தி விழுந்தா எண்பது வயசுல இடுப்பெலும்பு தாங்குமா? புதுசு வந்தா பழசை டப்பால இருந்து எடுத்துருங்க, சந்தேகமா இருந்தா ரெண்டு அட்டையையும் டாக்டர்கிட்டயே காட்டுங்க.

இன்சுலின்னா வெயில்ல பஸ்ல அப்படியே பையில போட்டுட்டு வராதீங்க, ஐஸ் பேக் வேணும், ஆனா ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது.

சந்தா கட்டணுமேன்னு இந்தத் திட்டத்துல சேராமலே இருக்குறவங்களும் உண்டு. 1996 ஜனவரி 1க்கு முன்னாடி ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்குறவங்களுக்கு சந்தாவே கிடையாது, 1971 பாகிஸ்தான் போர்ல இருந்தவங்கள்ல பல பேர் இதுல வருவாங்க, அவங்களுக்கு யாராவது போய் எடுத்துச் சொல்லணும்.

அப்புறம் பாட்டிங்க. அவரு போயிட்டாரு, கார்டும் அவரோட போச்சுன்னு நினைச்சு விட்டுர்றாங்க. அப்படி இல்ல, ஃபேமிலி பென்ஷன் வாங்குற மனைவிக்கு அந்த வசதி தொடரும், கார்டு விவரத்தை மட்டும் மாத்தணும். பிபிஓ (பென்ஷன் ஆர்டர்), டெத் சர்டிபிகேட், பழைய கார்டு எல்லாம் எடுத்துட்டு பேரனோ பேத்தியோ கூடவே போங்க, அப்ளிகேஷன் எப்படிப் போடுறதுன்னு பாலிகிளினிக்லயே சொல்வாங்க.