உங்கள் ஃபோனுக்கும் செயலி வேண்டுமா? நிறுவனத்திடம் கேட்கும் முறை

செயில்ஃபிஷ், உபுண்டு டச், கிராஃபீன்ஓஎஸ் போன்ற, அதிகம் பேர் பயன்படுத்தாத ஃபோன் இயங்குதளங்களை வைத்திருக்கிறவர்கள் நிறுவனங்களுக்கு எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: "எங்களுக்கும் ஒரு செயலி செய்து தாருங்கள்." "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வரும், அதோடு சரி. செயலியை உருவாக்குவதை விட, ஒவ்வொரு பதிப்பையும் சோதித்து ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய செலவு. 2012-இல் பிளாக்பெர்ரி, தன் தரச்சான்று பெற்ற செயலி 1,000 டாலர் ஈட்டினால் 10,000 டாலருக்குக் குறையும் தொகையைத் தானே தருவதாக அறிவித்தது. அப்படியும் அதன் பிளாக்பெர்ரி 10 இயங்குதளம் நிலைக்கவில்லை. எனவே சின்னதாகக் கேளுங்கள்.

படி 1: எங்கே தடை என்று பாருங்கள்

முதலில் நிறுவனத்தின் இணையதளத்தை ஃபோன் உலாவியில் திறந்து, உள்நுழைவதிலிருந்து பணம் கட்டுவது வரை செய்து பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு செயலியை செயில்ஃபிஷின் ஆண்ட்ராய்டு ஆதரவிலோ, உபுண்டு டச்சில் வேடிராய்டு (ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் மென்பொருள்) வழியாகவோ ஓட்டுங்கள். பிழைச் செய்தியை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். செயலியின் பதிப்பு எண்ணும் நேரமும் வேண்டும். திரைப்பிடிப்பில் கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள்.

படி 2: காரணத்துக்கு ஏற்ற கோரிக்கை

கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

"இந்த உலாவிக்கு ஆதரவில்லை" என்று தளம் சொன்னால், யூசர் ஏஜென்டை, அதாவது உலாவி தளத்திடம் சொல்லும் தன் பெயரை, ஆண்ட்ராய்டு குரோம் என்று மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் குறை உலாவியில் இல்லை; பெயரைப் பார்த்துத் தடுக்கும் நிபந்தனையை எடுத்தால் போதும்.

"சாதனம் பாதுகாப்பானதல்ல" என்று சொல்லிச் செயலி மூடிக்கொண்டால், ஃபோனும் அதன் மென்பொருளும் நம்பத்தக்கவையா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைச் சந்தேகியுங்கள். வங்கிச் செயலிகளில் இது சகஜம். கிராஃபீன்ஓஎஸ் என்றால், ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்றுச் சோதனையையும் (எந்த இயங்குதளம் ஓடுகிறது என்று ஃபோனின் வன்பொருளே சான்று தருவது) ஏற்கச் சொல்லுங்கள். அதற்கான சாவி விவரங்களை கிராஃபீன்ஓஎஸ் திட்டமே வெளியிட்டிருக்கிறது. இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

அறிவிப்பு மட்டும் வரவில்லையென்றால், செயலி கூகுளின் எஃப்சிஎம் என்ற அறிவிப்பு அனுப்பும் சேவையை நம்பியிருக்கக்கூடும். எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலை மாற்று வழியாகக் கேளுங்கள். செயலி பிளே ஸ்டோரில் மட்டும் கிடைத்தால், ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு)ச் சொந்தத் தளத்திலும் வைக்கச் சொல்லலாம். தளம் நன்றாகவே ஓடுகிறதா? மேனிஃபெஸ்ட் கோப்பும் (செயலியின் பெயர், ஐகான் விவரம்) சர்வீஸ் வொர்க்கரும் (பின்னணியில் ஓடும் நிரல்) சேர்த்து, முகப்புத் திரையில் நிறுவக்கூடிய வலைச் செயலியாக்கக் கேளுங்கள்.

நீங்களே செயலி எழுத நினைத்தால் முதலில் எழுத்துவழி அனுமதி வாங்குங்கள். விண்டோஸ் ஃபோனுக்கு மைக்ரோசாஃப்ட் செய்த யூடியூப் செயலியையே 2013 ஆகஸ்டில் கூகுள் தடுத்தது.

படி 3: கடிதம்

பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்திலேயே உருவாக்குநரின் மின்னஞ்சல் இருக்கும். அதற்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"நான் உங்கள் கட்டண வாடிக்கையாளர். செயில்ஃபிஷ் உலாவியில் உங்கள் தளத்தின் உள்நுழைவுப் பக்கம் 'ஆதரவில்லை' என்று நின்றுவிடுகிறது. யூசர் ஏஜென்டை மாற்றினால் கட்டணம் வரை தடையின்றி நடக்கிறது. அந்தச் சோதனையை நீக்க வேண்டுகிறேன். மாற்றத்தைச் சோதித்துச் சொல்ல நான் தயார். இதை உங்கள் மென்பொருள் குழுவுக்கு அனுப்புங்கள்."

சந்தைப் பங்கு, கூகுள் மீதான கோபம், தனியுரிமைப் பிரசங்கம் எதுவும் வேண்டாம். படிப்பவர் கைக்கு ஒரு வேலை போய்ச் சேர வேண்டும், அவ்வளவே.

படி 4: ஆள் சேர்ப்பது

நூறு பேர் ஒரே வாசகத்தை வெட்டி ஒட்டினால் அது ஒரே புகாராகச் சுருங்கும், அல்லது ஸ்பேமில் விழும். பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் பத்துப் பேர் அவரவர் சொற்களில், அவரவர் பிழைச் செய்தியோடு எழுதுவது அதைவிடப் பலமானது. ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளைக் குவிக்காதீர்கள். உள்ளே உங்களுக்காகப் பேசக்கூடிய ஆளையும் அது விரோதியாக்கும்.

படி 5: பின்தொடர்தல்

இரண்டு மூன்று வாரம் பொறுத்து, அதே புகார் எண்ணில் கேளுங்கள். "செயலி செய்யும் திட்டமில்லை" என்று பதில் வந்தால், நீங்கள் கேட்டது செயலி அல்ல, இன்ன மாற்றம்தான் என்று ஒரு வரியில் திருத்தி அனுப்புங்கள். சரிசெய்துவிட்டால் அன்றே சோதித்து முடிவைச் சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் அதே குறை திரும்ப வருவதுண்டு. சோதனைப் பதிப்புகளை முன்கூட்டியே தரச் சொல்லிக் கேட்க அதுதான் சரியான தருணம்.