ஒலி வழியே படம் அனுப்ப

அமெச்சூர் ரேடியோவில் நிலைப்படத்தை ஒலியாக மாற்றி அனுப்புவதே எஸ்எஸ்டிவி. ரேடியோவை 14.230 மெகாஹெர்ட்ஸ், யூஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை; கணினியின் யூஎஸ்பி அல்ல) வைத்து முதலில் கேளுங்கள்; வேறொருவரின் படம் ஓடினால் முடியட்டும். கணினியில் எம்எம்எஸ்எஸ்டிவி என்ற எஸ்எஸ்டிவி மென்பொருளில் படத்தை ஏற்றி, அதன் மேல் உங்கள் அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாள எழுத்துகளை) பெரிதாகப் போடுங்கள்.

மார்ட்டின் 1 என்ற எஸ்எஸ்டிவி முறையில் ஒரு படத்துக்கு 114 வினாடி. அத்தனை நேரமும் சுருதி இடைவிடாமல் ஓடுவதால் ரேடியோ கொதிக்கும். 100 வாட் ரேடியோ என்றால் 40 வாட் போதும்.

படத்தின் வெளிச்சமே சுருதியாகிறது: கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளைக்கு 2300. ரேடியோவுக்குள் போகும் ஒலி மிகுந்தால் காட்டும் ஏஎல்சி முள் எழும்பினால் அலை பக்கத்து நிலையங்கள் மேல் சிதறும். முள் படுக்கும்வரை கணினி ஒலியைக் குறையுங்கள். பேச்சுக் கம்பிரசர் (மெல்லிய குரலைத் தூக்கிக் கொடுக்கும் வசதி) வேண்டாம். கணினியின் அறிவிப்பு ஒலிகளையும் கட்டாயம் அடைத்துவிடுங்கள். ஒரு 'டிங்' போதும், படத்தின் நடுவே கோடு விழும்.

படம் சாய்ந்தால் ட்யூனிங்கைத் தொடாதீர்கள். ஒலி அட்டையின் கடிகாரம் பிசகியிருக்கிறது. மென்பொருளில் அதைத் திருத்துங்கள். நிறம் மங்கி மாறினால் மட்டுமே ட்யூனிங்கைச் சந்தேகியுங்கள்.